தீவகத்தாரும் நட்டஈட்டுச் சட்டமும்

நிலத்திற்கு வாடகை, மூலதனத்திற்கு வட்டி, உழைப்பிற்குக் கூலி என வருமானத்தைப் பங்கு வகுத்துக் காட்டுவது பொருளியல் நூல்களின் மரபு. உழைப்பவன் தொழிற்களத்திலே காலொடிந்து வீழ்வானாயின், அவ்விழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படல் வேண்டும் என்னும் வினாவை அந்நூல்கள் பெரும்பாலும் சட்டநூல்களுக்கு விட்டுவிடுகின்றன. சட்டநூல்களோ அவ்வினாவுக்கு நேரிய விடை கூறத் தொடங்கி இன்னும் ஒன்றரை நூற்றாண்டு நிறையவில்லை. கணக்கியலும் வணிகமும் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் யான். பிறந்த ஊர் வேலணை. ஆதலின் அவ்வினாவை ஏட்டில் மாத்திரமன்றி எங்கள் தீவுகளின் வாழ்விலும் வைத்து நோக்குவது எனக்கு இயல்பாயிற்று.

முற்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, விபத்திற்குட்பட்ட தொழிலாளி தன் எசமானின் தவற்றை நிறுவினாலன்றி ஒரு சதமும் பெறமுடியாது. உடன் வேலை செய்த மற்றொரு தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததாயின் எசமான் பொறுப்பாளியல்லன் என்பதும் அந்நாளைய நீதி. இந்நிலையினை முதலில் மாற்றியது ஜேர்மனி. 1884ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட விபத்துக் காப்புறுதிச் சட்டம் தொழிலதிபர்களைச் சங்கங்களாகச் சேர்த்து, அச்சங்கங்களின் பொது நிதியிலிருந்து காயமுற்றோர்க்குக் கொடுப்பனவு வழங்கச் செய்தது. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்து வேறொரு வழியை மேற்கொண்டது. யார் தவறு என்று கேளாமல், தொழிலினின்றும் தொழிலின்போதும் நேர்ந்த விபத்தெனின் அந்தத் தனி எசமானே நட்டஈடு கொடுத்தல் வேண்டும் என்பது அவ்வழி. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும், அதனை அடியொற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இவ்வாங்கில வழியிலே வந்தவை.

இக்கட்டளைச் சட்டத்தின் அமைப்பு எளிமையானது. இன்ன காயத்திற்கு உழைக்கும் ஆற்றலில் இத்தனை வீதம் இழப்பு என அதன் அட்டவணை வகுத்துரைக்கும். அவ்வீதத்தையும் சம்பளத்தையும் கொண்டு கொடுப்பனவு கணிக்கப்படும். கணித்த தொகை எத்துணைப் பெரிதாயினும் சட்டம் விதித்த உச்ச வரம்பைத் தாண்டலாகாது. தொழிலாளி இறந்துபடின் நட்டஈட்டுப் பணத்தை எசமான் நேரே குடும்பத்தவர் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது; அதனை நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிடல் வேண்டும். ஏழைக் குடும்பமொன்று துயரத்தின் நடுவே சிறுதொகைக்கு உடன்பட்டுவிடலாகாது என்னும் கருத்தால் அமைந்த ஏற்பாடு இது. ஏட்டில் இஃது நல்ல ஏற்பாடே. ஏட்டிற்கும் எங்கள் ஊருக்கும் இடையே கிடந்த தூரத்தை என் தாயின் தம்பியார் வாழ்விலே கண்டேன்.

தீவகத்து இளைஞர் தென்னிலங்கைப் பட்டணங்களுக்குச் சென்று கடைச் சிப்பந்திகளாகத் தொழில் பழகுவதும், பின்னர்த் தாமே கடை வைத்து முதலாளிமாராவதும் பல தலைமுறைகளாக நிலவிய வழக்கம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு ஆகிய ஊர்களிலே கல்வீடுகள் பல எழுந்தது அவ்வருவாயால் என்பர். என் அம்மானும் அவ்வாறே பதினெட்டு வயதில் ஒரு பலசரக்குக் கடைக்குச் சென்றார். 1974ஆம் ஆண்டில், அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பியிருந்த காலத்தில், களஞ்சியத்தில் அடுக்கியிருந்த சீனி மூடைகள் சரிந்து அவர்மேல் வீழ்ந்தன. இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஆசுபத்திரியிற் கிடந்தார். முதலாளி எங்கள் அயலூரவர், தூரத்து உறவினருங்கூட. ஆசுபத்திரிக்கு நாள்தோறும் சோறு அனுப்பினார். இறுதியில் ஆயிரத்தைந்நூறு ரூபாவை ஒரு கடதாசி உறையில் வைத்துக் கொடுத்து, துணைக்கு ஒரு பையனையும் சேர்த்து, அம்மானைப் புகையிரதத்தில் ஏற்றிவிட்டார். அவர் கொடியவரல்லர், தம்மளவில் தருமம் செய்ததாகவே அவர் எண்ணியிருப்பார்.

அன்று நடைமுறையிலிருந்த சட்டத்தின்படி அம்மானுக்கு உரிமை இருந்தது. கடைச் சிப்பந்தி தொழிலாளியே. மூடை சரிந்தது தொழிலின்போதே. எனினும் வழக்கு என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறைதான் எழுந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து, இதற்கெனச் சட்டமொன்று உண்டு என்று அம்மம்மாவிடம் எடுத்துரைத்தார். அம்மம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, "அவர் எங்கட ஆள், தம்பி. எங்கட ஆளைக் கோட்டுக்கு இழுக்கிறதோ? நாளைக்கு இந்தச் சின்னவனை ஆர் கடையில வேலைக்கு எடுப்பினம்?" என்றார். சின்னவன் என்று அவர் சுட்டியது என்னை. அக்கூற்றில் நன்றியும் அச்சமும் கணக்கும் ஒருங்கே இருந்தன. ஊரார் கடைகளிலே உறவின் பேரால் வேலை கிடைத்த அந்த ஒழுங்கில், ஒருவர்மேல் தொடுக்கும் வழக்கு ஊர்முழுவதன் வாயிலையும் அடைத்துவிடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அவ்விபத்தின் செலவு எங்கே எழுதப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் யான் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. ஆயிரத்தைந்நூறு ரூபாவும் வைத்தியச் செலவில் ஓராண்டிற்குள் கரைந்தது. பின்னர் ஆறு பரப்புப் புகையிலைத் தோட்டத்தை அம்மம்மா ஒற்றி வைத்தார். ஒற்றியென்பது யாழ்ப்பாணத்துத் தேசவழமை அறிந்த ஓர் ஏற்பாடு. கடன் கொடுத்தவர் வட்டி பெறுவதற்குப் பதிலாக நிலத்தின் பயனை அனுபவிப்பார். ஆதலின் தோட்டம் பெயரளவில் எங்களுடையதாகவும், விளைவு பிறருடையதாகவும் ஆயிற்று. அத்தோட்டம் என் சின்னம்மாவுக்குச் சீதனமாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒற்றி மீட்கப்படும்வரை அவருடைய கலியாணம் தள்ளிப்போயிற்று. அஃது ஒன்பது ஆண்டுகள். தென்னிலங்கைக் களஞ்சியமொன்றிற் சரிந்த மூடைகளின் விலையை வேலணையிலிருந்த ஒரு பெண் தன் இளமையிலிருந்து கொடுத்தாள். எந்தக் கடையின் இலாபநட்டக் கணக்கிலும் இச்செலவு இடம்பெறவில்லை.

நட்டஈட்டுச் சட்டங்களின் நிதி விளைவை ஆராயப்புகுவோர் எசமானுக்கு ஏறும் செலவையே முதலில் நோக்குவர். அது வேண்டிய ஆராய்ச்சியே. எனினும் விபத்தின் செலவு சட்டத்தால் உண்டாவதன்று. விபத்து நேர்ந்த கணமே அஃது உண்டாகிவிடுகிறது. அதனை யார் சுமப்பது என்பதையே சட்டம் தீர்மானிக்கின்றது. சட்டம் எட்டாதவிடத்து அச்சுமை ஒற்றிக் காணியாகவும் அடைவு வைத்த காப்பாகவும் படிப்பை நிறுத்திய பிள்ளையாகவும் உருமாறிக் குடும்பத்தின்மேல் இறங்கிவிடும்.

இக்கண்கொண்டு அண்மைக்காலத் திருத்தங்களை நோக்குவோம். கட்டளைச் சட்டம் பன்முறை திருத்தப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச வரம்பை 5,50,000 ரூபாவாக உயர்த்தியது. அதன்பின் பதினேழு ஆண்டுகள் அவ்வரம்பு அசையாமல் நின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 20,00,000 ரூபாவாக்கியது. எண்ணளவில் இஃது மூன்றரை மடங்கிலும் மிகுந்த ஏற்றமாகும்.

ஆனால் எண்ணும் பெறுமதியும் ஒன்றல்ல. 2005ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ நூறு ரூபா. ஆகவே அன்றைய உச்ச வரம்பு சுமார் 5,500 டொலருக்குச் சமம். 2022 மார்ச்சு மாதம் தொடங்கி ரூபா சரிந்தது. மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாவை அண்மித்தது. அவ்விலையில் இருபது இலட்சம் ரூபாவும் சுமார் 5,500 டொலரே. பதினேழு ஆண்டு காத்திருந்து பெற்ற ஏற்றம், பெறப்பட்ட ஆண்டிலேயே பழைய படிக்கு இறங்கி நின்றது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டதெனினும் விலைவாசி மீளவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நம்பிக் கடலுக்குப் போகும் தீவகத்தாருக்கு இவ்வெண்களின் பொருளை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

மற்றொரு வகையாலும் கணித்துப் பார்க்கலாம். முழு உச்ச வரம்பையும் ஒரு விதவை பெற்று, அதனை ஆண்டுக்குப் பத்து வீத வட்டிக்கு வங்கியில் இடுவதாகக் கொள்வோம். பழைய வரம்பின்படி மாத வருவாய் 4,583 ரூபா. புதியதன்படி 16,667 ரூபா. இப்பிந்திய தொகை ஒரு சிறு குடும்பத்தின் அரிசிக்கும் மரக்கறிக்கும் ஒருவாறு போதுமெனலாம். பிள்ளைகளின் படிப்புக்குப் போதாது. அதுவும் முதலைத் தொடாதிருந்தாலே வரும். ஒரே தொகையாகக் கிடைக்கும் பணம் எங்கள் ஊர்களில் முதலாக நிற்பது அரிது. கடன்காரர், வீட்டின் பாதிக் கூரை, மூத்த பெண்ணின் கலியாணம், வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் முகவர் என அதற்கு முன்னரே உரித்தாளிகள் பலர் இருப்பர். ஆதலின் உச்ச வரம்பை உயர்த்துவது வேண்டியதே எனினும், அவ்வுயர்வு விலைவாசியோடு தானே நகரும்படி அமைந்தாலன்றிப் பயன் நிலையாது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுத் திருத்தம், நட்டஈட்டைக் கணிப்பதற்குரிய மாதச் சம்பள எல்லையை அரசாங்கம் அறிவித்தல் மூலமாகவே மாற்ற இடமளித்தது. 2020 ஜனவரியில் அவ்வெல்லை 8,000 ரூபாவிலிருந்து 15,000 ரூபாவாயிற்று. ஒவ்வொரு முறையும் பாராளுமன்றத்தின் வாயிலில் காத்து நிற்பதினும் இவ்வழி விரைவானது.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மற்றொரு கூறு பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்படவில்லை. எங்களுக்கோ அதுவே பெரிது. வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்து அத்திருத்தத்தால் நட்டஈட்டிற்குரியதாயிற்று. கொழும்பிலிருப்பவருக்கு இவ்வழியென்பது பேருந்தும் மோட்டார்ச் சைக்கிளும். நெடுந்தீவாருக்கோ அது கடல். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்த கடலில் ஓடுகின்றது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் கூட்டுறவுப் பணியாளரும் தனியார் நிறுவன ஊழியரும் மேசன்மாரும் மின்வேலை செய்வோரும் காற்றுக் காலத்திலும் படகேறியே தொழிலுக்குச் செல்வர். துறையில் படகுக்கும் மேடைக்கும் இடையே கால் நசுங்குவதும், மழையில் நனைந்த பலகையில் வழுக்கி வீழ்வதும் எங்கள் பக்கத்தில் வியப்பான செய்திகளல்ல. இத்தகைய காயங்கள் முன்னர்ப் பயணத்தில் நேர்ந்தவை என்று ஒதுக்கப்படக் கூடியனவாயிருந்தன. இன்று அவற்றுக்குச் சட்டத்தில் இடமுண்டு. இதனை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களின் சுவர்களில் எழுதி வைத்தல் தகும்.

இக்கடல்வழியைப் பற்றிப் பேசும்போது 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகிலே குறைந்தது இருபத்து மூன்று பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நினையாதிருத்தல் இயலாது. விபத்து என்னும் சொல்லுக்குள் அஃது அடங்காது. இக்கட்டுரையின் அளவுகோலால் அதனை அளக்கவும் முடியாது. தொழிலுக்குச் செல்லும் பாதை எங்களுக்கு ஒருபோதும் வெறும் பாதையாக இருந்ததில்லை என்பதை மாத்திரம் குறித்து மேற்செல்கின்றேன்.

இனி, சட்டம் எவ்வளவு திருந்தினும் அதன் வாயிலிலேயே நிறுத்தப்படுவோர் உளர். அவர்களே தீவகத்தில் மிகுதி. மீன்பிடி வள்ளமொன்றில் மூவர் நால்வர் செல்வர். பிடித்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவைக் கழித்து, எஞ்சியதை வள்ளத்திற்கும் வலைக்கும் ஆட்களுக்குமெனப் பங்கிடுவர். வள்ளமும் இயந்திரமும் இல்லாதவன் தன் உடலுழைப்பின் பங்கை மட்டும் பெறுவான். அவனைக் கூலியாள் என்று எவரும் சொல்லார், பங்காளி என்பர். இச்சொல்லில் ஒரு மதிப்பு உண்டு. கடற்றொழிலாளர் அதனை விரும்புவதும் முறையே. ஆயினும் கயிறு இழுக்கையில் விரல்கள் போய்விட்டால், அல்லது புயலில் ஆளே போய்விட்டால், அந்த மதிப்புள்ள சொல்லே அவன் குடும்பத்திற்குப் பகையாகின்றது. பங்காளிக்கு எசமான் இல்லை; எசமான் இல்லாதவனுக்கு நட்டஈடு கொடுப்பவரும் இல்லை. இது புதிய சிக்கலன்று. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம், மீன்பிடிக் கலங்களில் இலாபத்தில் அல்லது மொத்த வருவாயில் பங்கு பெற்று உழைப்போர்க்கு அச்சட்டம் ஏலாது என்று வெளிப்படையாகவே விதித்தது. எங்கள் கரைகளிலோ ஒப்பந்தம் வாய்ச்சொல்லே. சம்பளப் புத்தகமும் இல்லை. அவன் தொழிலாளி என்று நிறுவ முயல்வோர்க்குச் சான்றாக ஒரு துண்டுக் கடதாசியும் அகப்படாது.

பனை ஏறும் சீவல் தொழிலாளியின் நிலையும் இதுவே. பிறருடைய மரத்தில் ஏறுகிறான். இறக்கிய கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு அளக்கிறான். சங்கத்தில் அவன் உறுப்பினன், ஊழியன் அல்லன். மரத்திலிருந்து வீழ்ந்தால் மரத்துக்குரியவர் எசமானல்லர், சங்கமும் எசமானன்று. வெளிநாட்டிலிருப்போர் அனுப்பும் பணத்தில் வீடு கட்டும் மேசனும், கிணறு வெட்டுவோனும் இவ்வாறே இடைவெளிக்குள் நிற்பர். வணிகமாகவன்றித் தன் குடியிருப்புக்காக வீடு கட்டுவிப்பவரை இச்சட்டம் கூறும் எசமானாக்குவது எளிதன்று.

இவர்களை அரசு முற்றாக மறந்துவிட்டது என்று கூறுதல் நேர்மையாகாது. 1987ஆம் ஆண்டில் கமக்காரருக்கும், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மீனவருக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால் அவை விரும்பிச் சேர்ந்து தவணைப் பணம் கட்டுவோர்க்குரியவை. மேலும் மீனவர் திட்டம் சட்டமான அதே 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வேலணை, ஊர்காவற்றுறை முதலிய இடங்களின் மக்களிற் பெரும்பாலோர் போரினால் இடம்பெயர்ந்தனர். வலையையும் வள்ளத்தையும் விட்டு ஓடியவர்களுக்குத் தவணைப் பணம் கட்டும் அலுவலகம் எங்கே என்று தேடுதல் எங்ஙனம் இயலும்?

எசமான் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். சட்டம் தனி எசமானையே பொறுப்பாக்குகின்றது. அவன் காப்புறுதி செய்துகொள்ளலாம், ஆனால் செய்தே ஆகவேண்டுமென்று கட்டாயமில்லை. பெரிய நிறுவனத்திற்கு இருபது இலட்சம் ஒரு செலவு. இரண்டு வள்ளம் வைத்திருப்பவருக்கும் சிறு கடைக்காரருக்கும் அஃது அழிவு. ஆகவே உச்ச வரம்பு ஏறஏற, சிறிய எசமான் தன் ஆளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள மேலும் அஞ்சுவான்; பதிவேட்டில் பெயர் எழுதமாட்டான்; கடதாசி உறையே மீண்டும் கைமாறும். தொகையை மாத்திரம் உயர்த்தும் திருத்தம் இவ்வாறு தன் பயனைத் தானே குறைத்துக்கொள்ளவுங் கூடும்.

ஆங்கில வழியில் வந்த நாம் 1884ஆம் ஆண்டின் மற்ற வழியையும் எண்ணிப் பார்த்தல் நன்று. பொறுப்பை ஒருவன் தலையில் வைக்காது தொழில் முழுவதன்மேலும் பரப்பிவிடுவது அவ்வழி. வள்ளங்கள் பதிவு செய்யப்படுகின்றன. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் துறைதோறும் உள்ளன. வள்ளத்தின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும்போது, அதிற் செல்லும் ஆட்களின் தொகைக்கேற்ப ஒரு சிறு காப்புறுதிக் கட்டணம் கட்டாயமாக அறவிடப்படுமாயின், அதன் ஒரு பகுதியை அரசும் ஏற்குமாயின், ஒருவன் பங்காளியா கூலியாளா என்ற வினாவே எழாது. கடலுக்குப் போனவன் என்பதொன்றே போதும். சீவல் தொழிலாளருக்கு அவர் அளக்கும் கள்ளின்மேல் அவ்வாறே சிறு அறவீடு அமையலாம். கொடுப்பனவும் ஒரே தொகையாக முடியாமல், அவசரத்துக்கு ஒரு பகுதியும் மாதந்தோறும் ஒரு பகுதியுமாக வருமாயின் முன்கூறிய உரித்தாளிகளிடமிருந்து விதவையையும் பிள்ளைகளையும் காக்கலாம். இவ்வழியில் வழக்கும் இல்லை. எங்கட ஆளை எதிர்த்தோம் என்ற பழியும் இல்லை. என் அம்மம்மாவைத் தடுத்தது சட்டத்தில் உள்ள குறையன்று. உரிமையைப் பெறவேண்டின் உறவை இழக்கவேண்டும் என்ற நிலையே. பொது நிதியிலிருந்து பெறுபவன் எவரையும் பகைக்க வேண்டியதில்லை.

அம்மான் பிற்காலத்தில் ஊன்றுகோலுடன் நடந்து, வீட்டுத் திண்ணையில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தார். அந்த முதலாளியின் வீட்டு நன்மை தீமைகளுக்குத் தவறாமற் சென்றார். அவர் முறையிட்டதை யான் கேட்டதில்லை. முறையிடாதவர்களின் இழப்பு எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது; ஆதலின் திருத்தச் சட்டங்களை வரைவோர் முன்னிலையில் அவர்கள் இருப்பதுமில்லை. இருபது இலட்சம் என்னும் எண்ணை நாற்பதாக்குவது ஒரு நாள் வேலை. தொழிலாளி என்னும் சொல்லுக்குள் வள்ளத்துப் பங்காளியையும் பனையேறியையும் கூரைமேல் நிற்கும் மேசனையும் கொண்டுவருவதே கடினமானதும் முதன்மையானதுமான திருத்தம் என்பது இக்கட்டுரையின் துணிபு.